நாலு டிஸ்க்கும் ஒரு பத்திரக்காரரும்

மனித குலத்திலே பத்திரக்காரர் என்று ஓர் இனம் உண்டு. ஊருக்கு ஒருவராவது இருப்பார். உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருந்தால் என்னுடைய அனுதாபங்கள். இவரைக் கஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சர் செலவழிக்கவே மாட்டார். பத்திரக்காரரோ தாராளமாகச் செலவழித்துச் சாமான் வாங்குவார், வாங்கியதை ஒருவரும் எடுத்துப் பாவிக்க முடியாத இடத்தில் வைப்பார், வைத்த இடத்தை மறப்பார், மறந்ததை மறைக்க அதே சாமானை இன்னொரு முறை வாங்கி அதையும் பத்திரமாக வைப்பார். எங்கே என்று கேட்டால் "பத்திரமா இருக்கு" என்பார். பத்திரமாக எங்கே? பத்திரமாக. அதற்கு மேல் கேட்பது மரியாதையில்லை.

இவரை அடையாளம் காண்பது இலேசு. இவர் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்தால் கதிரை சத்தமிடும். கடையிலிருந்து வந்தபோது சுற்றியிருந்த பொலித்தீன் இன்னும் கழற்றப்படவில்லை. கண்ணாடி அலுமாரியில் பூப்போட்ட கோப்பைகள் வரிசையாக நிற்கும். உங்களுக்குத் தேத்தண்ணி தகரப் பேணியில் வரும். டோர்ச் லைட்டில் பற்றரி கசிந்துவிடும் என்று பற்றரியைக் கழற்றி வேறோர் இடத்தில் வைத்திருப்பார். ஆகவே கரண்ட் போனதும் பற்றரியைத் தேட டோர்ச்சும், டோர்ச்சைத் தேட பற்றரியும் வேண்டியிருக்கும். குடை நனைந்துவிடும் என்று அதைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு மழையில் ஓடிய ஒருவரை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இன்னொருவர் தன் பொய்ப்பல்லை நோன்புக்கு முன் பத்திரமாக வைத்துவிட்டு, பெருநாள் வரைக்கும் கஞ்சியிலேயே காலம் தள்ளினார். பெருநாளன்று பல் கிடைத்தது, பிரியாணிச் சட்டியில். நம்பாவிட்டால் விடுங்கள். மன்னாரில் விசாரித்துப் பாருங்கள், ஆளின் பெயர்தான் மாறும்.

ஆனால் இந்த இனத்தின் முடிசூடா மன்னரைக் காண வேண்டுமானால் நீங்கள் மன்னாருக்குத் தெற்கே மறிச்சுக்கட்டிக்குத்தான் போக வேண்டும். பெயர் சரிபுதீன். மீள்குடியேறியோர் சங்கத்தின் செயலாளர். ஊரே மரியாதையாகச் சரிபுதீன் நானா என்று அழைக்கும், அவர் இல்லாத இடத்தில் பத்திரம் நானா என்று.

அவர் மேல் முழுப் பழியையும் போடுவதும் நியாயமில்லை. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் துரத்தப்பட்டு ஊரை விட்டு வெளிக்கிட்டபோது இந்தக் கரையில் எல்லாருமே ஒரு பாடம் படித்தார்கள்: எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டாதே. காப்பு ஒருத்தியின் இடுப்பில், காணி உறுதி இன்னொருவரின் பையில், சங்கிலி மூன்றாவது ஆளின் கஞ்சிப் பானையில். ஒன்று போனால் மற்றது மிஞ்சும். சரிபுதீன் அன்றைக்குத் தன் வீட்டுச் சாவியை முருங்கன் பக்கத்தில் வயல் செய்யும் கமக்காரர் யோகராசாவிடம் கொடுத்துவிட்டுப் புத்தளத்துக்குப் போனார். யோகராசா அந்தச் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு தானும் யுத்தத்துக்குத் தப்பி வன்னி முழுக்க ஓடி, முகாமில் இருந்து, இருபது வருசம் கழித்துத் துரு துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். சாவி பத்திரமாக இருந்தது. கதவு இல்லை. கதவு இருந்த சுவரும் இல்லை. ஆனாலும் சரிபுதீன் அந்தச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாராம்: "பாத்தீங்களோ, பிரிச்சு வைச்சபடியால் தப்பிச்சுது!"

அப்படிப்பட்ட மனிதரிடம் நாலு டிஸ்க் போட்ட ஒரு பெட்டியைக் கொடுத்தால் என்ன நடக்கும்?

கொடுத்தார்கள். ஊர் திரும்பியவர்களின் பழைய படங்களையெல்லாம் கணினியில் ஏற்றிக் காப்பாற்றுவதற்கென்று ஓர் உதவி நிறுவனம் அந்தப் பெட்டியைச் சங்கத்துக்குத் தந்தது. அலுமாரியையும் அல்பத்தையும் வீட்டோடு விட்டுப் போனவர்கள், தப்பிய ஒன்றிரண்டு படங்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். முஸ்லிம் வீடுகளிலிருந்தும் வந்தன, யோகராசாவின் ஊரிலிருந்தும் வந்தன. படங்களை ஏற்றி முடித்ததும் மூலப் படங்களைத் திருப்பிக் கொடுப்பதாகத்தான் பேச்சு. சரிபுதீன் விடுவாரா? "உங்கட கொட்டிலில வைச்சால் கரையான் திண்டிடும். சங்கக் கந்தோர் அலுமாரியில கிடக்கட்டும்" என்றார். பத்திரமான, இருட்டான, ஒருவரும் தொந்தரவு செய்யாத இடத்தைத்தானே கரையானும் தேடும்? மாரி மழை முடிந்து அலுமாரியைத் திறந்தபோது படங்கள் இருந்த இடத்தில் ஒரு மண் புற்று, மிகவும் பத்திரமாக, எழும்பி நின்றது.

"பரவாயில்லை, பெட்டிக்குள்ள ரெண்டு பிரதி இருக்கு" என்றார். உண்மைதான். ஒன்று 'பத்திரம்', மற்றது 'பத்திரம் இரண்டு'. இரண்டும் அதே பெட்டிக்குள்.

அந்தப் பெட்டியைத்தான் ஒரு நாள் கரண்ட் வந்து, போய், கோபத்தோடு திரும்பி வந்து எரித்தது.

ஊரில் மற்றவர்கள் ஒரு பெருமூச்சோடு விட்டிருப்பார்கள். ஆமினாவால் விட முடியவில்லை. ஆமினாவின் புருசன் சனூன், புத்தளத்து முகாமில் முதல் வருசமே காய்ச்சலில் மௌத்தாகிப் போனவர். மகள் நுஹா அப்போது வயிற்றில். சனூனுக்கு உலகத்தில் இருந்தது ஒரே ஒரு படம்: தலைமன்னார் இறங்குதுறையில், தன் உயரத்தில் பாதி நீளமான பாரை மீன் ஒன்றைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். மீனின் தலை அவர் முகத்தில் பாதியை மறைத்துவிட்டது. படம் எடுத்தவனுக்கு மீன்தான் முக்கியமாகப் பட்டிருக்க வேண்டும். மூலப் படத்தைக் கரையான் தின்றது. பிரதி எரிந்த பெட்டிக்குள். நுஹாவுக்கு மறு கிழமை கல்யாணம்.

"மாப்பிள்ளை வீட்டாக்கள் வந்து உன்ர வாப்பா ஆரெண்டு கேட்டால் நான் எதைக் காட்டுறது?" என்று நுஹா கேட்டாள். "அந்த அரை முகத்தையாவது எடுத்துத் தாங்கோ, நானா."

சரிபுதீனின் முகம் கறுத்தது. உடனே வவுனியாவில் கணினி நிலையம் வைத்திருந்த துசாந்தினிக்கு அழைப்பு எடுத்தார். துசாந்தினி கம்பஸில் படித்துப் பட்டம் வாங்கிய பிள்ளை. கை சுத்தம், வாய் காரம்.

"பெட்டிதான் செத்தது, நானா. டிஸ்க்குகள் உயிரோட இருக்கும். ஒவ்வொரு படத்தையும் அது துண்டு துண்டாக்கி நாலு டிஸ்க்கிலயும் வரிசையாப் போட்டு வைச்சிருக்கு. நாலில ஒண்டு போனாலும் மிச்சம் மூண்டையும் வைச்சு எடுக்கலாம். நான் வெள்ளிக்கிழமை வாறன். அதுவரைக்கும் ஒண்டையும் தொடாதேங்கோ."

ஒரு சாதாரண மனிதனுக்கு இதில் எது கேட்டிருக்கும்? தொடாதே என்பது கேட்டிருக்கும். பத்திரக்காரருக்குக் கேட்டது வேறு: நாலில ஒண்டு போனாலும்! இது அவருக்கு நன்றாகத் தெரிந்த கணக்கல்லவா? காப்பு ஓரிடம், சங்கிலி ஓரிடம். நாலும் ஒரே பெட்டிக்குள் கிடந்து, இன்னுமொரு கரண்ட் அடித்தால்?

அன்றைக்கே வேலையைத் தொடங்கினார். எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் கொண்டுபோகக் கூடாது என்பதும் அந்தக் காலத்துப் பாடம். ஆகவே பெட்டியின் இடது பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒரு பயணத்துக்கு ஒன்றாக, பழைய சிநேகிதர் வீடுகளுக்குப் பஸ்ஸில் கொண்டுபோனார். அதுவும் எப்படி? டிஸ்க்கில் ஒன்று, இரண்டு என்று ஒட்டியிருந்த இலக்கத்தை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு. கள்ளனுக்கு எது எதென்று தெரியக் கூடாதாம். கள்ளனுக்குத் தெரியவில்லை. வேறு ஒருவருக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை துசாந்தினி சங்கக் கந்தோருக்கு வந்து பார்த்தாள். பெட்டியில் நாலு ஓட்டை.

"டிஸ்க் எங்க, நானா?"

"பத்திரமா இருக்கு."

"பத்திரமா எங்க?"

"ஒண்டு தலைமன்னாரில. ஒண்டு ஓலைத்தொடுவாயில. ஒண்டு முருங்கனில. ஒண்டு என்ர வீட்டில."

துசாந்தினி கதிரையில் தொப்பென்று இருந்தாள். பொலித்தீன் அலறியது. "நான் தொடாதேங்கோ எண்டு சொன்னனான் எல்லோ?"

"தொடயில்லை பிள்ளை. துணியால பிடிச்சுத்தான் கழட்டினனான்."

ஓர் ஆட்டோ பிடித்துப் புறப்பட்டார்கள். முன்னால் சாரதி, பின்னால் சரிபுதீன், துசாந்தினி, காவலுக்கு நுஹா. அவள் யாரையும் நம்பும் நிலையைத் தாண்டியிருந்தாள்.

தலைமன்னாரில் பழைய சிநேகிதி றஞ்சிதம், அந்தோனியார் சுரூபம் இருக்கும் கண்ணாடிக் கூட்டுக்குள் டிஸ்க்கை வைத்து, தினமும் ஒரு மெழுகுதிரியும் கொளுத்தியிருந்தார். "காணாமல் போனதைக் கண்டுபிடிச்சுத் தாறவர், இருக்கிறதைக் காப்பாற்ற மாட்டாரோ?" என்றார். டிஸ்க் நலம். ஒரு மூலையில் கொஞ்சம் மெழுகு.

முருங்கனில் யோகராசா நெல் மூட்டைக்குள் தோள் வரைக்கும் கைவிட்டுத் துழாவினார். "காய்ஞ்ச நெல்லு தங்கச்சி, ஈரம் அண்டாது. இருபது வருசம் சாவி காத்தவன் இதைக் காக்க மாட்டனோ?" இதுவும் நலம். ஆட்டோவெல்லாம் நெல்.

ஓலைத்தொடுவாயில் மீன்காரர் தாவூது, தன் மீன் பெட்டியைத் திறந்தார். ஐஸுக்கு நடுவில், இரண்டு சீலா மீன்களுக்கு இடையில், சொப்பிங் பையில் சுற்றிய டிஸ்க். பைக்குள் தண்ணீர் தளும்பியது.

"தாவூது நானா... இதை ஏன் ஐஸில போட்டனீங்கள்?"

"பழுதாகாமல் வைச்சிரு எண்டார் சரிபுதீன். பழுதாகாமல் வைக்க எனக்கு வேற என்ன இடம் தெரியும், மகள்?" என்றார் தாவூது. "மீனைப் பாருங்கோ, செவுள் இன்னும் சிவப்பு."

மீன் நலம். டிஸ்க் மௌத்து. துசாந்தினி அதைக் காதில் வைத்துக் குலுக்கிப் பார்த்தாள். உப்புத் தண்ணீர் பதில் சொன்னது.

"பரவாயில்லை," என்றார் சரிபுதீன், பிரகாசமாக. "நாலில ஒண்டு போகலாம்தானே? அதுக்குத்தானே பிரிச்சனான்! மற்றது என்ர கையில. அதுக்கு ஒரு குறையும் வராது."

இந்த இடத்தில் நீங்கள் என்ன நினைக்கிறீர்களோ, அதைத்தான் ஆட்டோக்காரரும் நினைத்தார். கண்ணாடியில் சரிபுதீனை ஒரு முறை பார்த்தார்.

வீட்டுக்கு வந்தார்கள். சரிபுதீன் அலுமாரிக்கு முன்னால் நின்றார். அலுமாரியின் சாவியைத் தேடினார். சாவி மேசை லாச்சிக்குள், லாச்சியின் சாவி மாப் பேணிக்குள், மாப் பேணி பரணில், பரணுக்கு ஏறும் ஏணி பத்திரமாக, யாரோ களவெடுத்துவிடுவார்கள் என்று, பக்கத்து வீட்டில். கடைசியில் அலுமாரி திறந்தது. அதற்குள்ளிருந்து வெளியே வந்தவற்றை நான் எழுதினால் புத்தகமாகிவிடும். சுற்றுத் தாள் கழற்றாத மூன்று இஸ்திரிப் பெட்டிகள். ஒரு காலுக்கு மட்டுமான புதுச் சப்பாத்து. மற்றக் கால் வேறோர் இடத்தில் பத்திரம். யோகராசா கொண்டுவந்த சாவி, வெல்வெட் துணியில். வெள்ளத்துக்கு என்று வாங்கிய மிதவை, காற்றுப் போகாதபடி ஊதாமலே. டிஸ்க் மட்டும் இல்லை.

"யோசியுங்கோ நானா," என்றாள் நுஹா. "அது இல்லாட்டி ஒண்டும் இல்லையாம். மற்ற ரெண்டும் போதாதாம்."

சரிபுதீன் கண்ணை மூடினார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பகிடி எல்லாம் ஓய்ந்துபோன ஒரு நிமிசம் அது. அந்தப் பெரிய மனிதர் தொப்பியை இரண்டு கையாலும் பிசைந்தார்.

"மெத்தென்ட இடத்தில வைச்சனான்," என்றார் மெதுவாக. "டிஸ்க்குக்கு அதிர்ச்சி கூடாதெண்டு... பஞ்சு மாதிரி... சுத்திவர வெள்ளை ரெஜிபோம்... அல்லாஹ்வே! குக்கர் பெட்டி! றைஸ் குக்கர் பெட்டிக்குள்ள!"

குசினியிலிருந்து அவர் மனைவி பரீனா எட்டிப் பார்த்தார். "எந்தக் குக்கர்? நுஹாவின்ர கல்யாணத்துக்கு வாங்கின குக்கரோ? அதை நான் பூத்தாள் சுத்தி, ரிபன் கட்டி, ஆமினா வீட்டில குடுத்திட்டன்."

"என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லயில்லையே!"

"சொன்னால் நீங்க அதை மறுபடி அலுமாரியில வைச்சுப் பூட்டுவீங்க. உங்கட தங்கச்சியின்ர கல்யாணத்துக்கு வாங்கின மணிக்கூட்டை, அவட பேரப்பிள்ளைக்கு எல்லோ குடுத்தனாங்க?"

ஆமினா வீட்டுக்கு ஓடினார்கள். விசயத்தைக் கேட்ட ஆமினா, கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"பரிசை நிக்காஹ்வுக்கு முதல் பிரிக்கிறதோ? என்ன பேச்சு இது! நான் அதைத் தொடவும் இல்லை. பத்திரமா வைச்சிருக்கன்."

துசாந்தினியின் தலை மெதுவாகத் திரும்பியது. "பத்திரமா... எங்க, அம்மா?"

ஆமினா றங்குப் பெட்டியைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "இஞ்சதான்... எங்கயோ..."

அவ்வளவுதான், நுஹா பொறுமையை இழந்தாள். புது மாப்பிள்ளைக்கென்று அடுக்கி வைத்த மெத்தையைப் புரட்டினாள், தலையணைகளை வீசினாள், பெட்டிகளை இழுத்தாள். ஆமினா ஒவ்வொன்றாகப் பிடித்து மறுபடி மடித்துக்கொண்டே பின்னால் போனார். கடைசியில் கட்டிலுக்கு அடியில், மூன்று சீலைகளுக்குள் சுற்றியபடி குக்கர் கிடைத்தது. பூத்தாளைக் கிழித்த சத்தத்தில் ஆமினா கண்ணை மூடிக்கொண்டார். ரெஜிபோமுக்கும் சட்டிக்கும் நடுவில், தொட்டிலில் கிடக்கும் குழந்தைபோல, டிஸ்க்.

எல்லாரும் சங்கக் கந்தோருக்குத் திரும்பியதும், துசாந்தினி மூன்றையும் தான் கொண்டுவந்திருந்த கணினியில் பொருத்தினாள். முதலில் ஒவ்வொன்றையும் அப்படியே புது டிஸ்க்குகளில் நகல் எடுத்தாள். "மூலத்தில கை வைக்கக் கூடாது. நகலிலதான் விளையாடலாம்," என்றாள். இந்த வசனம் சரிபுதீனுக்கு மிகவும் பிடித்துப்போனது. பிறகு கோத்துப் பார்த்தாள். திரையில் முதல் படம் வந்தது: யாரோ ஒரு மணப்பெண். கழுத்து வரைக்கும் மணப்பெண். கழுத்துக்கு மேலே மீன் வால். அதற்கும் மேலே யோகராசாவின் மாட்டு வண்டி.

"வரிசை பிழை," என்றாள் துசாந்தினி. "எது முதலாவது, எது ரெண்டாவதெண்டு தெரிய வேணும். இலக்கத்தைச் சுரண்டாமல் விட்டிருந்தால்..." மிச்சத்தை அவள் விழுங்கினாள். "இனி மாத்தி மாத்திப் போட்டுப் பாக்க வேண்டியதுதான். கல்யாணத்துக்கு முதல் முடியுமோ தெரியாது."

"முதலாவது எது, நானா?" என்று கெஞ்சினாள் நுஹா.

"அது எப்பிடி மகள் எனக்கு ஞாபகம் இருக்கும்?"

பரீனாதான் வழி கண்டார். முப்பது வருசம் குடும்பம் நடத்தியவருக்குத் தெரியாதா? "அவருக்கு இலக்கம் ஞாபகம் இராது, பிள்ளை. சாப்பாட்டைக் கேளுங்கோ."

"சாப்பாடோ?" சரிபுதீன் நிமிர்ந்தார். "முதல் பயணம் யோகராசா வீட்டில. எருமைத் தயிரும் பனங்கட்டியும். அடுத்த பயணம் தாவூது வீட்டில சீலா மீன் பொரியல், உப்புக் கொஞ்சம் கூட. அங்க தண்ணி விடாய்ச்சுக்கொண்டே இருந்தது. அதுக்குப் பிறகு றஞ்சிதம் வீட்டில கிழங்கு ரொட்டியும் கட்டைச் சம்பலும். அதுக்குப் பிறகு வீட்டில, பரீனா ஒண்டும் தரயில்லை."

தயிர், மீன், ரொட்டி, பட்டினி. இடது பக்கத்திலிருந்து ஒரு பயணத்துக்கு ஒன்றாகக் கழற்றியவர் அல்லவா? மீன் இல்லாத குறையைக் கணக்குப் போட்டு நிரப்பச் சொல்லிவிட்டு, துசாந்தினி மற்ற மூன்றையும் அதே வரிசையில் வைத்தாள். திரை ஒருமுறை கறுத்தது. பிறகு இறங்குதுறை வந்தது. கடல் வந்தது. முழுப் பாரை மீனும் வந்தது, அதன் தலைக்குப் பின்னால் ஒரு பாதிச் சிரிப்பும்.

ஆமினா கிட்டப் போய், திரையைத் தொடாமல், விரலால் காற்றில் தடவினார்.

"அண்டைக்கு அந்த மீனை வித்துப்போட்டு வந்து, அதைவிடச் சின்ன மீன் ஒண்டைத்தான் கறிக்குத் தந்தவர்," என்றார்.

நுஹா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணொன்றையும் மூக்கின் பாதியையும் மீன் எடுத்துக்கொண்டுவிட்டது. மிஞ்சியதில் ஒரு காது, விரிந்து நிமிர்ந்து, தலையிலிருந்து விலகி நின்றது. அவள் கை தானாகத் தன் முக்காட்டுக்குள் போனது.

"உம்மா," என்றாள், "இந்தக் காது என்ர காதெல்லோ?"

துசாந்தினி மூக்கை உறிஞ்சினாள், தூசி என்றாள். பிறகு சரிபுதீன் பக்கம் திரும்பினாள். "நானா, இனிப் பிரியுங்கோ. ஒண்டைத் துண்டு போட்டு நாலு வீட்டில குடுக்காமல், முழுப் படங்களையும் முழுசா முழுசாப் பிரதி எடுத்து வீட்டுக்கு ஒண்டு. அப்ப எந்த வீடு போனாலும் படம் போகாது."

"அதைத்தானே பிள்ளை நான் செய்தனான்!" என்றார் சரிபுதீன், அறையைச் சுற்றி ஒரு வெற்றிப் பார்வை பார்த்தபடி. "வழி சரி. சாமான்தான் கொஞ்சம் பிழைச்சுப்போச்சு."

சங்கத்து அச்சு இயந்திரம் முனகி முனகிப் படத்தை வெளியே தள்ளியது. ஈரம் காய முன்னமே சரிபுதீனின் கை நீண்டது. "தா மகள். கசங்கிப்போம். கல்யாணத்தண்டு மட்டும் நான் இதைப் பத்திரமா..."

"வேண்டாம்!" என்றது முழு அறையும். ஆட்டோக்காரரும் வாசலிலிருந்து.

கல்யாணத்தன்று அந்தப் படம் சட்டமில்லாமல், கண்ணாடியில்லாமல், எல்லாக் கையும் படும் இடத்தில், வாசல் சுவரில் நாலு ஆணியில் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். நுஹா முக்காட்டைக் கொஞ்சம் ஒதுக்கிக் காதைக் காட்டினாள். வேறு அறிமுகம் தேவைப்படவில்லை. குக்கரை ஆமினா மறுபடி பூத்தாளில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார். நுஹா இன்னும் சட்டியில்தான் சோறு வடிக்கிறாள்.

சிரித்துவிட்டீர்கள். நல்லது, இப்படியும் மனிதர் உண்டா என்று தலையையும் ஆட்டியிருப்பீர்கள். சரி, ஒரு சின்ன உதவி. எழும்பிப் போய் உங்கள் பிறப்புச் சான்றிதழை எடுத்து வாருங்கள். இப்போதே. உங்கள் பிள்ளை முதன்முதலில் நடந்ததை எடுத்த வீடியோவும் எந்தப் பழைய போனில் கிடக்கிறது என்று கையோடு பார்த்து வாருங்கள்.

ஏன் எழும்பவில்லை? என்னவோ சொல்ல வாயெடுத்தீர்கள். எனக்குக் கேட்டது.